பறவை வேட்டையும் அனுமதிப்பத்திரமும்: திருகோணமலையில் சட்டம் சொல்வது

கார்த்திகை மாதத்தில் தம்பலகாமத்து வயல்களில் தண்ணீர் ஏறி நிற்கும்போது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் யாராவது கட்டாயம் கேட்பார்: "இப்ப தாரா சீசன்தானே, வெடிக்குப் போக ஒரு லைசன்ஸ் எடுக்கேலாதோ?" கனடாவிலோ இங்கிலாந்திலோ பல காலம் வாழ்ந்தவருக்கு அது இயல்பான கேள்வி. அங்கே பறவை வேட்டைக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. பணம் கட்டினால் அனுமதியும் கிடைக்கும்.

இலங்கையில் பொழுதுபோக்காகவோ கறிக்காகவோ காட்டுப் பறவைகளைச் சுடுவதற்கென்று ஒரு பருவம் கிடையாது. அதற்கான அனுமதிப்பத்திரமும் எந்த அலுவலகத்திலும் இல்லை. இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் வீட்டில் இருக்கும் துவக்கு எதற்கு, வயலில் இறங்கும் தாராக் கூட்டத்தை என்ன செய்வது, எந்த இடத்தில் எந்தச் சட்டம், தவறு நடப்பதைக் கண்டால் யாரிடம் சொல்வது என்ற கேள்விகளுக்குக் கீழே பதில் உண்டு.

சட்டம் வந்த வழி

வேட்டைப் பருவமும் வேட்டை அனுமதியும் இந்தத் தீவுக்குத் தெரியாதவை அல்ல. எருமை, மான் போன்றவற்றைக் கண்டபடி அழிப்பதைத் தடுக்க 1872இலேயே பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. 1894இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று அறியப்படுவது அதுதான். அதைத் தொடங்கியவர்களில் பலர் வேட்டைக்காரர்கள். ஆண்டுதோறும் காட்டுக்குள் போய்வந்ததால், விலங்குகள் குறைந்துவருவதை முதலில் கண்டவர்களும் அவர்களே. 1909இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புக்கென்று இன்னொரு கட்டளைச் சட்டம் வந்தது. வேட்டை மூடிய காலம், அனுமதிக் கட்டணம் என்பவை அந்தக் காலத்து ஏற்பாடுகள்.

அதே காலத்துக்குச் சற்று முன், பீரங்கிப் படை அதிகாரியாக இலங்கைக்கு வந்து திருகோணமலையிலும் பணியாற்றிய வில்லியம் வின்சென்ட் லெக் என்பவர் இங்குள்ள பறவைகளைத் துல்லியமாகக் குறித்துவைத்தார். இலங்கைப் பறவைகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1880இல் நிறைவு பெற்றது. கிழக்குக் கரையின் குளங்களிலும் களப்புகளிலும் அன்று என்னென்ன பறவைகள் இருந்தன என்பதை அறிய இன்றும் ஆய்வாளர்கள் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்றைய சட்டத்தின் அடித்தளம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அது 1938 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதைச் செயற்படுத்த வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1949இல் அமைந்தது. பல முறை திருத்தப்பட்ட இந்தச் சட்டத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு திருத்தங்கள்: 1993 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டமும் 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமும்.

1993இல் சட்டத்தின் போக்கே மாறியது. முன்பு, காக்கப்பட வேண்டியவற்றின் பெயரைச் சட்டம் பட்டியலிட்டது. பெயர் இல்லாததைச் சுடுபவர் தப்பிக்கொண்டார். இப்போது எல்லாப் பறவையும் பாதுகாக்கப்பட்டது என்பதிலிருந்துதான் சட்டம் தொடங்குகிறது. பாதுகாப்புக்கு வெளியே நிற்கும் சில பறவைகளின் பெயர் மட்டும் தனி அட்டவணையில் இருக்கிறது. எனவே "இந்தப் பறவை பட்டியலில் இல்லையே" என்று வாதாடி இனிப் பயனில்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பறவை பாதுகாக்கப்பட்டது என்றே பொருள். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டப்பணத்தைக் கடுமையாக உயர்த்தியது.

எவை குற்றம்

பலர் சுடுவது மட்டும்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் பிடி அதைவிட அகலமானது. பாதுகாக்கப்பட்ட பறவை விஷயத்தில் பின்வருவன எல்லாம் குற்றத்துக்குள் வரும்:

1. சுடுதல், கொல்லுதல், காயப்படுத்துதல், பிடித்தல். துவக்கால் செய்தாலும் கெட்டபோலால் செய்தாலும் கண்ணி வைத்துச் செய்தாலும் குற்றம் ஒன்றே.
2. உயிருடனோ கொன்றோ பறவையை, அல்லது அதன் இறைச்சியை, உடலின் ஒரு பகுதியைக் கைவசம் வைத்திருத்தல்.
3. முட்டை எடுத்தல், கூட்டைக் கலைத்தல்.
4. விற்றல், விற்பதற்காக வைத்திருத்தல்.

இரண்டாவதை ஒருமுறை நிறுத்தி வாசியுங்கள். வெடி வைத்தவர் ஒருவர், கறி சமைத்தவர் இன்னொருவர் என்றாலும், சட்டியில் இருப்பது காட்டுக்கோழி இறைச்சியானால் சட்டி யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவரும் பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தந்தது, நான் சுடவில்லை" என்பது நீதிவான் நீதிமன்றத்தில் நிற்காது. வீதியோரச் சாப்பாட்டுக் கடையில் "காட்டுக்கோழி இருக்கு" என்று மெல்லச் சொன்னால் மறுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

தண்டனை தண்டப்பணமாகவோ சிறையாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம். குற்றத்துக்குப் பயன்பட்ட துவக்கு, வலை, மோட்டார் சைக்கிள், தோணி ஆகியவை பறிமுதலாகவும் கூடும். வனசீவராசிகள் அதிகாரியும் பொலிஸாரும் பிடியாணை இல்லாமலே கைதுசெய்யும் அதிகாரம் கொண்டவர்கள்.

எந்தப் பறவை எந்தப் பக்கம்

வெடிக்காரர் கண்ணில் படும் பறவைகளை எடுத்துக்கொள்வோம். காட்டுக்கோழி, சீழ்க்கைத் தாரா, குளிர்காலத்தில் வரும் ஊசிவால் தாரா, நீலச்சிறகித் தாரா, உள்ளான், பச்சைப்புறா, காட்டுக்காடை, கொக்கு, நாரை, பூநாரை எல்லாம் சட்டத்தின் காவலுக்குள் இருப்பவை.

காட்டுக்கோழி இலங்கையின் தேசியப் பறவை. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. கந்தளாய், மொரவெவ, சேருவில் காடுகளின் ஓரத்தில் அதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஊர்க்கோழியோடு குழப்பிக்கொள்ளாதிருக்க ஒரு குறிப்பு: சேவலின் கொண்டை சிவப்பாக இருக்கும், நடுவில் மட்டும் மஞ்சள் படர்ந்திருக்கும். நெஞ்சும் முதுகும் செம்மஞ்சள் நிறம். இறக்கையும் வாலும் கருநீல ஊதாப் பளபளப்பு. பேட்டுக்குக் கொண்டை இருப்பதே தெரியாது. வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகச் செதில் போட்டதுபோல் இருக்கும். வளவுக்குள் கோழி என்று நினைத்துக் கண்ணி வைப்பதற்கு முன் கொண்டையைப் பாருங்கள்.

கடையில் கிடைக்கும் காடை முட்டையும் காடை இறைச்சியும் பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடையுடையவை. அவற்றை வாங்குவதில் பிழை இல்லை. வீட்டுத் தாரா, வான்கோழி, கினிக்கோழி, வளர்ப்புப் புறா ஆகியவையும் வேட்டைச் சட்டத்துக்கு வெளியே உள்ளவை. கிளி, மைனா போன்றவற்றைக் காட்டிலிருந்து பிடித்துக் கூண்டில் அடைக்க நினைப்பவர்கள் முதலில் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுத் தெளிய வேண்டும்.

மயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயிரை அழிக்கிறது என்ற முறைப்பாடு நாடு முழுவதும் எழுந்ததால், 2025 மார்ச் 15ஆம் தேதி நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில் குரங்குகளோடும் மலையணிலோடும் மயிலும் எண்ணப்பட்டது. இப்படிப்பட்ட விலங்குகள் பற்றி அவ்வப்போது மேடையிலும் செய்தியிலும் அறிவிப்புகள் வரும். சட்டமாவது வர்த்தமானியில் வெளிவந்தது மட்டுமே. வானொலியில் கேட்டதை நம்பித் துவக்கைத் தூக்கி வழக்குக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம். பிரதேச வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே எதையும் செய்யுங்கள்.

துவக்கு அனுமதி வேட்டை அனுமதி ஆகாது

கிராமங்களில் மிகப் பெரிய குழப்பம் இதில்தான். சிலரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறையாகப் பெற்ற துவக்கு இருக்கும். அதை வைத்திருக்க அனுமதி உண்டு என்பதால் அதைக் கொண்டு பறவை சுடவும் அனுமதி உண்டு என்று அவர்கள் எண்ணுகிறார்கள்.

துவக்கு வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். எந்தப் பறவையை, எந்த விலங்கை, எங்கே என்பதைத் தீர்மானிப்பது மேலே சொன்ன 1937ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்றுக்குக் கட்டிய கட்டணம் மற்றதற்குச் செல்லாது. இரண்டையும் பிரித்து நினைவில் வைக்கப் பின்வரும் பழக்கங்கள் உதவும்:

துவக்கு அனுமதிப்பத்திரத்தின் காலாவதித் தேதியை வீட்டுக் கலண்டரில் எழுதிவையுங்கள். ஆண்டு முடியுமுன் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

அனுமதியில் பெயர் இல்லாத மச்சானுக்கோ மருமகனுக்கோ ஒரு இரவுக்குக்கூடத் துவக்கை இரவல் கொடுக்காதீர்கள்.

இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு, பன்றி வெடி ஆகியவற்றை உங்கள் நிலத்தில் யாரும் வைக்க விடாதீர்கள். கட்டுத்துவக்கின் கயிற்றில் தடுக்கிக் கால் இழந்த மனிதர்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. அது பறவையா, ஆளா என்று பார்த்து வெடிப்பதில்லை.

இரவில் டோர்ச் வெளிச்சம் அடித்துச் சுடுவது, நஞ்சு வைப்பது, கண்ணியும் வலையும் போடுவது ஆகியவற்றைச் சட்டம் தனியே பெயர் சொல்லித் தடுக்கிறது. வேட்டையாடப்படும் உயிர் எது என்பதைப் போலவே வேட்டையாடும் முறையும் குற்றத்தைக் கனமாக்கும்.

ஆய்வு போன்ற தேவைகளுக்குப் பறவைகளைப் பிடிக்கத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் எழுத்தில் அனுமதி தரலாம். பல்கலைக்கழகக் குழுக்கள் வலைபோட்டுப் பறவைகளுக்கு வளையம் இடுவது அப்படிப் பெற்ற அனுமதியில்தான். பொழுதுபோக்குக்கு அந்த வழி திறப்பதில்லை.

மாவட்டத்தின் காவல் எல்லைகள்

சரணாலயம், தேசிய பூங்கா ஆகியவற்றின் எல்லைக்குள் சட்டம் இன்னும் இறுகும். திருகோணமலையில் இவை கடலிலும் துறைமுகத்திலும் காட்டிலும் பரந்திருக்கின்றன.

துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய சோபர் தீவும் சிறிய சோபர் தீவும், கடற்படையின் பெயரால் அறியப்படும் 18,130 ஹெக்டேர் பரப்பும் 1963இல் சரணாலயங்களாயின. துறைமுகப் பகுதியில் தோணி ஓட்டுவோர் பாதுகாப்பு வலயம் என்று மட்டும் அறிந்திருக்கும் இடங்களில் பல, பறவைகளுக்கும் பாதுகாப்பு வலயங்கள்.

நிலாவெளிக்கு நேரே கடலில் உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. கடலையும் பவளப்பாறையையும் சேர்த்து 471 ஹெக்டேர். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் காட்டு மாடப்புறாக்களால் வந்த பெயர் அது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தத் தீவு சுடும் பயிற்சிக்குப் பயன்பட்டது. இப்போது நுழைவுச்சீட்டு எடுத்து, திணைக்களம் காட்டும் பாதையில் மட்டும் நடந்து திரும்ப வேண்டிய இடம். கூடு, முட்டை, இறகு, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. படகோட்டி "பரவாயில்லை" என்றாலும் கூடு கட்டும் பாறைகளில் ஏறாதீர்கள்.

வடக்கே முல்லைத்தீவு எல்லையில் கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயமானது. பரப்பு 1,995 ஹெக்டேர். நீர்ப்பறவைகளுக்கு அது பெரிய தங்கிடம். தெற்கே சேருவில – அல்லைச் சரணாலயம் 1970இல் 15,540 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. மகாவலியின் வெள்ளச் சமவெளியில் 1986இல் உருவான சோமாவதி தேசிய பூங்காவும் இந்த மாவட்டத்தைத் தொடுகிறது.

சரணாலயத்துக்குள் தனியார் காணியும் வயலும் இருக்கலாம். பயிர்செய்யலாம், குடியிருக்கலாம். ஆனால் உங்கள் உறுதியில் இருக்கும் நிலம் என்பதால் அங்கே இறங்கும் பறவை உங்களுடையது ஆகாது. காணி வாங்கும்போது பிரதேச செயலகத்தில் வரைபடத்தைப் பார்த்து, சரணாலய எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆண்டு எப்படிப் போகிறது

வேட்டைக்குக் கலண்டர் இல்லாவிட்டாலும் பறவைகளுக்கு ஒன்று உண்டு. எந்த மாதத்தில் எந்தக் கவனம் வேண்டும் என்பதை அது சொல்லித்தரும்.

ஆவணி, புரட்டாதியில் முதல் கரையோரப் பறவைகள் வந்திறங்கும். நிலாவெளி, குச்சவெளி உப்பளங்களிலும் சேற்றுக் கரைகளிலும் அவற்றைக் காணலாம். ஐப்பசிக்குப் பிறகு வடகீழ் மழை குளங்களை நிரப்பத் தாராக் கூட்டங்களும் உள்ளானும் சேரும். தை, மாசி வரை களப்புகள் நிறைந்திருக்கும். பங்குனி, சித்திரையில் வந்தவை வடக்கே புறப்பட்டுவிடும். மழைக்குப் பிந்திய மாதங்களில் உள்ளூர் நீர்ப்பறவைகள் குளக்கரை மரங்களில் கூடு கட்டும். வெயில் காலத்தில் மணல் திட்டுகளில் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டை இடும். அந்தத் திட்டுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

இந்தப் பறவைகள் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. மத்திய ஆசிய வான்பாதை வழியாக வரும் அவற்றுக்கு இலங்கை பயணத்தின் தென்முனை. இங்கே உள்ளான் என்று அழைக்கும் ஊசிவால் உள்ளான் சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜி.பி.எஸ். கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய் மீண்டும் மன்னாருக்கே திரும்பியது. ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு தூரம் பறந்து இங்கே இளைப்பாற வருவதை ஒரு நேரக் கறிக்காக வீழ்த்துவது, பல நாடுகள் சேர்ந்து காக்கும் உயிரைச் சந்தியில் நின்று பறிப்பதாகும். இலங்கை ராம்சார் ஈரநில உடன்படிக்கையில் 1990இல் இணைந்தது. இந்தக் களப்புகளுக்கு நாடாகக் கொடுத்த வாக்கு அது.

வயலைக் காக்க

பெரும்போகத்தில் விதைத்த இரவே சீழ்க்கைத் தாராக் கூட்டம் வயலில் இறங்கினால், விடியும்போது முளை விதை போன இடம் தெரியாது. விவசாயியின் கோபம் நியாயமானது. சுடாமல் காக்கும் வழிகள் இருக்கின்றன:

வயலைச் சமமாக மட்டப்படுத்துங்கள். தாரா விரும்புவது விதைத்த பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளங்களை. வடிகால் ஒழுங்காக இருந்தால் இறங்கும் கூட்டம் குறையும்.

முடிந்தால் பக்கத்து வயற்காரரோடு ஒரே வாரத்தில் விதையுங்கள். தனியாக விதைத்த வயலுக்கே எல்லாத் தாராவும் வரும். எல்லோரும் சேர்ந்து விதைத்தால் இழப்பு பலருக்குப் பிரியும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானிக்கலாம்.

முதல் பத்து இரவுகளில் காவல் இருங்கள். தகரம் தட்டுவது, பளபளக்கும் நாடா கட்டுவது, வெருளியை இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி வைப்பது ஆகியவை பலன் தரும். ஒரே இடத்தில் நிற்கும் வெருளிக்குப் பறவைகள் மூன்றாம் நாளே பழகிவிடும்.

இழப்பு பெரிதானால் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் எழுத்தில் பதிவுசெய்யுங்கள். பதிவில் இல்லாத இழப்பைப் பற்றி எந்த அலுவலகமும் தீர்மானம் எடுக்காது.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு

கனடாவில் வலசை வரும் தாராவைச் சுட, கூட்டாட்சி அரசின் வலசைப் பறவை வேட்டை அனுமதியும் அதில் ஒட்டும் வாழிடப் பாதுகாப்பு முத்திரையும் வேண்டும். துவக்கு உரிமமும் மாகாண விதிகளும் தனி. 1916இல் அமெரிக்காவோடு செய்த உடன்படிக்கையே அந்த ஏற்பாட்டின் வேர். இங்கிலாந்தில் குரூஸ் பறவையின் வேட்டைப் பருவம் ஆகஸ்ட் 12ஆம் தேதி திறக்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முன்பு வேட்டை உரிமம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. இலங்கையின் நிலை இந்தியாவுக்கு நெருக்கமானது. உங்கள் ரொறொன்ரோ அனுமதி கட்டுநாயக்கவில் இறங்கியதும் செல்லாது. காட்டுப் பறவையின் தோலோ இறகோ முட்டையோ நினைவுப்பொருளாகப் பயணப்பெட்டியில் கொண்டுபோவதும் அனுமதி இல்லாவிட்டால் குற்றம். பறவைகள் மேல் ஆசை இருந்தால் தொலைநோக்கியோடு கொக்கிளாயிலோ கந்தளாய்க் குளக் கட்டிலோ ஒரு காலையைச் செலவிடுங்கள்; அதற்கு எந்த அனுமதிப்பத்திரமும் வேண்டாம்.

கண்டால் என்ன செய்வது

காயப்பட்ட பறவையைக் கண்டால் காற்றுப் போகும் காட்போட் பெட்டியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ மிருக வைத்தியருக்கோ உடனே அறிவியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பல பறவைகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தால் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவோ நஞ்சாகவோ இருக்கலாம். கோழி வளர்ப்போர் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம்.

வேட்டை நடப்பதைக் கண்டால் நேராகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அவர்கள் கையில் துவக்கு இருக்கிறது. இடம், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, வாகன இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆபத்து உடனடியானால் பொலிஸின் 119. அழைத்த நேரத்தையும் பேசியவரின் பதவியையும் எழுதிவையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த நாள் பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிட்டு, முத்திரையிட்ட பிரதி ஒன்றைக் கையில் வாங்குங்கள்.

ஒரு முறைப்பாடு போதாது என்று தயங்க வேண்டாம். அதே குளக்கரையிலிருந்து மூன்று பேர் மூன்று தனித் தாளில் எழுதினால் அந்த இடம் ரோந்து போகும் பட்டியலில் ஏறும். சட்டப் புத்தகத்தில் பறவைகளுக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. அது தம்பலகாமத்து வயலுக்கும் கொக்கிளாய்க் களப்புக்கும் வந்து சேர்வது அந்த ஊர்க்காரர் எழுதும் தாளில்தான் தங்கியிருக்கிறது.